சுந்தரன் வீட்டுப் பெயர்ப்பலகை

...இப்போதே சொல்லிவிட்டால் என்ன, இன்னும் கொத்தனாரும் ஆசாரியும்தான் பாக்கி, அடுத்தது தன் முறை... ஜெயன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன் வீடு கட்டியவர்களை வாசலில் நிறுத்திப் புது முண்டு, வேட்டிதான், கொடுப்பது நெய்யாற்றின்கரைப் பக்கத்து முறை, அதில் பாறசாலையில் பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு என்ன வேலை, ஆனால் மனைவி பிரசீதாவின் அண்ணன் சுந்தரன் விட்டால்தானே, "அளியா, பேருபலக உனக்க மிசினு செஞ்சதாக்கும், நீயும் வரிசையில நில்லு" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டான். மிஷினாம் மிஷின்! இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டியாயிற்று, பழைய பிரிண்டர்களில் கழற்றிய மோட்டார், மேஜை டிராயர் ஓடுகிற சேனல், நீளமான மரைக்கம்பி, யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய 386 கம்ப்யூட்டர்... கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் தானாகவே நகர்ந்து மரத்தில் எழுத்து வெட்டும் என்று இவன் பீற்றிக்கொண்டது போதாதென்று பிரசீதா காரக்கோணம் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். வெட்டத்தான் செய்தது, நேர்க்கோடு என்றால் நூல் பிடித்த மாதிரி. வளைவில்தான் மானம் போயிற்று, கம்பி திசை திரும்பும்போது நட்டு ஒரு மயிரிழை சும்மா நிற்கும், அந்த மயிரிழையில் வட்டம் சேராமல் வாயைப் பிளக்கும். நட்டை மாற்றினான், கிரீஸ் பூசினான், புரோகிராமில் கூட்டிக் குறைத்துப் பார்த்தான்... மலையாளத்தில் வட்டமில்லாமல் ஒரு வீட்டுப்பெயர் எழுத முடியுமா? நான்கு பலகை விறகாயிற்று. ஐந்தாவதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அதியன்னூருக்குப் போனது யார், செல்லசாமி ஆசாரியின் பட்டறையில் நின்று, "உளியில செய்து தாரும் ஆசாரியே, ஆரும் அறியண்டாம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னது யார்? இந்த வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் செய்த அதே ஆசாரி. "வச்சிட்டுப் போ மக்கா" என்றதோடு சரி. ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ஆசாரிக்கு முண்டு கொடுத்தாயிற்று, கும்பிட்டு வாங்கினார், கதவுக்கான முண்டு... பலகைக்கான முண்டு இதோ தன் கையில், கஞ்சி வாசம் போகாமல், மடிப்பு கலையாமல். கூசியது. நாலு பேர் பலகையை அண்ணாந்து பார்க்கிறார்கள், சுந்தரனுக்குத் தலைகால் புரியவில்லை, "கண்டீரா ஆசாரியே, உளி தொடாத வேலையாக்கும்! எனக்க தம்பி வீட்டு ஜன்னலுக்குப் பூவேலை எல்லாம் இனி மிசினுலதான்." ஐயோ, இவரிடமா சொல்கிறாய், அவர் வேலையையா பறித்து எனக்குத் தருகிறாய்... ஆசாரி கையை நீட்டி எழுத்தைத் தடவினார், தான் வெட்டிய எழுத்தையே யாரோ வெட்டியது போல, சுழியில் விரலை ஓட்டி ஒரு சுற்றுச் சுற்றினார். இதோ சொல்லப்போகிறார், சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும், இந்தக் கூட்டத்திலேயே மானம் போய் முடியட்டும். "மிசினு மிசினுதான் மக்கா" என்றார் ஆசாரி, "நம்ம கைக்கு இந்த நயம் வராது." முண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடிப் போனார். இல்லை என்று ஒரு வார்த்தை, அவர் படியிறங்குவதற்குள் சொல்லிவிடலாம், பிரசீதா இங்கேதான் பார்க்கிறாள், முகமெல்லாம் பூரிப்பு... உள்ளே பால் பொங்கிப் பெண்களின் குரவைச் சத்தம் எழுந்தது, ஆசாரி கேட்டைத் தாண்டிவிட்டார். பொய் சொன்ன வெட்கம் இரண்டு நாளாய்ப் பழகியதுதான், அதைத் தின்று தொலைத்துவிடலாம். ஆனால் அவர் அப்படிச் சொன்ன அந்த ஒரு நொடி, எல்லாம் தெரிந்திருந்தும், தன் நெஞ்சு நிமிர்ந்ததே, நிஜமாகவே சந்தோஷப்பட்டதே... அது யாருடைய நெஞ்சு?