மேற்குத் தெருவில் எழுந்த புகை

உம் ரிஹான் என்ற ஊரின் மேற்குத் தெருவில் அன்று காலையிலிருந்தே வீட்டுக்கு வீடு வேலங்கட்டை புகைந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன ஆண்கள் பெருநாளுக்காக ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். புருஷன் ஊரில் இல்லாதபோது ஒருத்தி, அவனுக்காகவே உடம்பில் வாசம் ஏற்றும் புகைக்குழியை மூட்டினால் ஊர் வாய் சும்மா இருக்காது. அவன் வருகிற நாளில் மூட்டாமல் விட்டாலும் இருக்காது.

ரௌதா முற்றத்துக் குழியின் மேல் உட்கார்ந்து கம்பளியைக் கழுத்துவரை போர்த்தியிருந்தாள். உடம்பெல்லாம் வியர்த்து, தோலில் மஞ்சள் நிறம் ஏறி, அந்த வாசனை மயிர்க்கால் வரை இறங்க வேண்டும். பாபிக்கிர் போய் இரண்டு வருஷம். அவனுடைய முகத்தை நினைக்க முயன்றபோது போனில் கேட்கும் இருமல்தான் முதலில் வந்தது. அது அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

பக்கத்து வீட்டு நியாமத் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "அடியே, எழுந்து வாடி! நம்ம ஊரு பத்தி எரியுதாம்!"

"எங்கே?"

"டிவியில!"

நியாமத் வீட்டில் சூரியத் தகடு இருந்ததால் டிவி ஓடியது. கம்பளியும் வியர்வையுமாகத் தெருப்பெண்கள் மொத்தமும் அங்கே கூடிவிட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படம். கூரைகளுக்கு நடுவே புகை எழும் இடமெல்லாம் சிவப்பு வட்டங்கள். எங்கோ குளிர் தேசத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன், உம் ரிஹானில் பல இடங்களில் தாக்குதல் நடந்திருக்கிறது, இரண்டு இனங்களுக்கு இடையே நூற்றாண்டுப் பகை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவனுக்கு யாரு சொன்னா? எனக்கும் என் நாத்தனாருக்கும்தான் பகை" என்றாள் ஒருத்தி.

"அந்த வட்டம் உன் முற்றம்டி ரௌதா. நீ உட்கார்ந்த இடத்து மேலயே போட்டிருக்கான் பாரு."

ஒரு நாடு தாக்குதலைக் கண்டித்தது. கண்டித்த நாட்டின் விமானம்தான் குண்டு போட்டது என்று இன்னொரு நாடு பதில் சொன்னது. போன மழைக்காலத்தில் மாவு மில் மேல் விழுந்த ஆளில்லா விமானத்தில் இந்த நாட்டு பேட்டரியும் அந்த நாட்டு மோட்டாரும் ஒற்றுமையாகத்தான் இருந்தன. மில்லில் வரிசையில் நின்றவர்களைப் புதைத்த அன்று இந்த டிவியில் பூனைக் கண்காட்சி ஓடியது.

ரௌதாவின் போன் அடித்தது. பாபிக்கிர்.

"ரௌதா! உசிரோட இருக்கியா? பாதி வழியில, கெடாரிஃப்ல டீக்கடை வாசல்ல நிக்கிறோம். டிவியில பார்த்துட்டு டிரைவர் வண்டியத் திருப்பணும்கிறாரு."

திரும்பினால் இந்த விடுப்பு போச்சு. அடுத்தது அடுத்த பெருநாளுக்குத்தான்.

"ஒண்ணுமில்லைங்க. ஊரு நல்லா இருக்கு. வந்துருங்க."

"நம்ம வீட்டு மேலயே புகை வருதே, கண்ணால பார்த்தேனே!"

"புகை… இருக்குதான்."

"கேட்டீங்களா, அந்தம்மாவே ஒத்துக்குது!" அது டிரைவரின் குரல். "ஏறுங்க எல்லாரும், திரும்புவோம்."

"இரு அண்ணே! ரௌதா, போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பஸ்ஸே கேக்குது. சத்தமாச் சொல்லு. யாரு தீ வெச்சது?"

இந்தப் பக்கம் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "என் பேரு வந்துச்சு, கொன்னுருவேன்." "என் மாமனாரும் அந்த பஸ்லதான்டி இருக்காரு!"

போனில் இன்னொரு குரல் நுழைந்தது. "தங்கச்சி, நான் சித்திக். என் வீட்டு மேல மட்டும் வட்டமே இல்லை. அல்லா காப்பாத்திட்டான்!"

சித்திக்கின் மனைவி பக்கிதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரௌதா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். இரண்டு வருஷமாக மாவு விலை, பிள்ளையின் காய்ச்சல், கூரை ஒழுகுவது எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு முன் வா என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. கேட்காத பொருள் கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். அதற்குப் பொறுமை என்று பெயரும் வைத்திருந்தாள்.

"நான்தான் வெச்சேன்" என்றாள்.

"நீயா? எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னு."

பஸ் மொத்தமும் போனை நெருங்கி வரும் காலடிச் சத்தம் கேட்டது.

"வேலங்கட்டை" என்று மெதுவாகச் சேர்த்தாள்.

முதலில் டீக்கடைப் பக்கமிருந்து ஒரு பெண் குலவையிட்டாள். பிறகு எழுந்த சிரிப்பில் போனே நடுங்கியது.

"அப்போ மத்த வட்டமெல்லாம்?" என்றார் டிரைவர். யாரோ ஒரு பெரியவர் அவசரமாகத் தொண்டையைச் செருமினார். "சரி சரி, ஏறுங்கடா. வழியில எவனும் மூத்திரத்துக்கு நிறுத்தச் சொல்லக்கூடாது!" என்று டிரைவர் கத்தினார்.

"தங்கச்சி…" சித்திக்கின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "என் வீட்டு மேல ஏன் வட்டம் இல்லை?"

"கட்டை ஈரம்னு சொல்லுடி!" என்று அலறிக்கொண்டு பக்கிதா வீட்டுக்கு ஓடினாள்.

டிவியில் புதுப் படம் வந்தது. வட்டங்கள் குறைந்திருந்தன. தன்னுடைய கடுமையான எச்சரிக்கைக்குப் பிறகே தாக்குதல் ஓய்ந்தது என்று சொல்லிவிட்டு ஒரு வெளிநாட்டு மந்திரி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். குழியை விட்டு எழுந்து வந்த பெண்கள் அவரை வாய் பிளந்து பார்த்தார்கள்.

ரௌதா பார்க்கவில்லை. வெட்கம் வரும், வந்து தன்னை விழுங்கும் என்று காத்திருந்தாள். வந்தது என்னவோ பசி.

"ரௌதா" என்றான் பாபிக்கிர். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. "ஸ்பீக்கரை அணைச்சுட்டேன்."

"ம்."

"எதுக்கு வெச்சேன்னு இன்னொரு தடவை சொல்லு."

அவளைச் சுற்றி அத்தனை காதுகளும் நீண்டிருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டு அவள் தன் வீட்டு முற்றத்துக்குப் போனாள்.