கோல்மனின் முதல் கால்சட்டை

எங்கள் தீவில் ஆண்பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுவரை பாவாடைதான். பழைய கோட்டை மேட்டுக்குள் ஒரு மாயக்கூட்டம் குடியிருக்கிறது; பேரைச் சொல்லப் பயந்து 'அந்த நல்லவர்கள்' என்போம். ஆண்குழந்தை என்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். பெண்பிள்ளையின் அருமை அவர்களுக்கும் தெரியவில்லை, என்ன செய்வது!

என் அண்ணன் மீஹாலுக்கு முதல் இரண்டும் ஆண்கள். இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? மூன்றாவதாகக் கோல்மன் பிறந்ததும் அண்ணி சொரகா பாவாடை கட்டிவிட்டதோடு நிற்கவில்லை. வாசல் தாண்டிவிட்டால் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்றாள். "ஏ புள்ளே, இங்க வாடி!" என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. சின்னவனாக இருந்தவரை அவனும் ஓடி வந்தான். பத்து வயதானபிறகு, காது கேட்காதவன்போல் நிற்க ஆரம்பித்தான்.

அந்த வசந்தத்தில் எதிர்க்கரை கால்வேயிலிருந்து தையல்காரர் ஃபெஸ்டி படகேறி வந்தார். வீட்டுக்கு வீடு தங்கித் தைத்துக் கொடுப்பவர். கையைவிட வாய் வேகம்.

"இவன் வயசுப் பயலுங்க துடுப்புப் போடுறானுங்க. இவனுக்கு எப்போ கால்சட்டை? இல்ல, பாவாடையோடயே பொண்ணு பாக்கப் போறதா?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "அளவெடுங்க, தையக்காரரே. படகுல கழண்டு விழாம நல்லா இறுக்கமாத் தைங்க."

"இன்னும் ஒரு வருஷம் போகட்டுங்க," என்றாள் அண்ணி.

"போன வருஷமும் இதத்தான சொன்ன?"

"ரெண்டு பேரக் குடுத்துட்டேன். உங்களுக்கு மறந்துடுச்சு. எனக்கு மறக்கல."

அண்ணனுக்கும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால்சட்டை தைத்தாயிற்று, முன்பக்கம் ஐந்து பொத்தானோடு. "இடி விழுந்தாலும் அவுழாது!" என்று ஃபெஸ்டி பெருமையடித்துக்கொண்டார். கோல்மன் அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சேவல்போல நடந்தான். படுக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

மறுநாள் காலை நான் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டிலிருந்து அண்ணியின் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கோல்மனின் படுக்கை காலி.

"தூக்கிட்டாங்க! போட்டு ஒரு ராத்திரி ஆகல, தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

அண்ணன் கடற்கரைக்கு ஓடினான். எனக்கு அந்த நல்லவர்கள்மேல் அரை நம்பிக்கைதான். ஆனால் பாறை விளிம்பில் வந்து அடிக்கும் அலை ஆளைத் தூக்கிப் போகும் என்பதில் முழு நம்பிக்கை உண்டு.

"ஏ புள்ளே! ஏ புள்ளே!" என்று கத்திக்கொண்டே அண்ணி வயலின் கல்சுவர்களை ஏறி ஏறி இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன். பதிலே இல்லை. கோட்டை மேட்டடிக்கு வந்ததும் அவள் நின்றாள். மேட்டை நிமிர்ந்து பார்த்தாள். பத்து வருஷம் அடக்கிவைத்த பெயர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"கோல்மன்! என் மகனே! கோல்மன்!"

போச்சு, அவர்கள் காதில் விழுந்துவிட்டது என்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"இங்கதாம்மா இருக்கேன்."

சத்தம் மேட்டடியில் இருந்த எங்கள் கன்றுக் கொட்டிலிலிருந்து வந்தது. கதவைத் தள்ளினோம். வைக்கோலில் கோல்மன், கன்றுக்குப் போர்த்தக் கிடந்த தன் பழைய சிவப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கால்சட்டை நனைந்துபோய் ஆணியில் தொங்கியது.

"விடியக்காலம் அவசரமா வந்துச்சும்மா. ஒரு பொத்தான அவுத்தேன், ரெண்டாவதும் அவுத்தேன், அதுக்குள்ள..."

"உங்கம்மா தொண்டை கிழியக் கத்துனாளே, ஏன்டா வாயத் தொறக்கல?" என்றேன்.

"புள்ளேன்னு கூப்பிட்டா எப்படி அத்தை வருவேன்? அதுவும் பாவாடையோட!"

அண்ணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே வாரி அணைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கன்றுக்குட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கரையிலிருந்து மூச்சிரைக்க வந்த அண்ணன் ஆணியைப் பார்த்தான், மகனைப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இடி விழுந்தாலும் அவுழாதுன்னு சொன்னேன்ல," என்றார் வாசலில் வந்து நின்ற ஃபெஸ்டி.

அண்ணி அவர் இடுப்பில் செருகியிருந்த கத்தரியைப் பிடுங்கினாள். கால்சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, ஐந்து பொத்தான் துளைகளையும் தன் கையாலேயே அகலமாக வெட்டிவிட்டாள்.

"படகுல கழண்டு விழுமேடி," என்றான் அண்ணன்.

"விழட்டும். உள்ள இருக்கிறவன் பத்திரமா வந்தாப் போதும்."

அன்று மத்தியானம் கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அண்ணி வாசலுக்கு வந்து, கோட்டை மேட்டைப் பார்த்து நின்றுகொண்டு, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"டேய் கோல்மன்! சாப்பிட வாடா!"

முதல் குரலுக்கே ஓடி வந்தான், கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.