ழ இல்லாத கடைசி அத்தியாயம்

வாத்துக்குப் பேச்சு வந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவன் குரல். கடலடியில் குழாய் பற்றவைக்கப் போகிறவர்களுக்கு இது தொழிலோடு வரும் சீதனம். அவ்வளவு ஆழத்தில் வெறும் காற்றைச் சுவாசித்தால் மூளை கிறுகிறுத்துவிடும் என்று ஹீலியம் கலந்து கொடுக்கிறார்கள். ஹீலியமோ எப்பேர்ப்பட்ட சிங்கக் குரலையும் கீச்சுக் குரலாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கப்பலின் மேல்தளத்தில் இருந்த இரும்பு அறைக்குள் அவனும் கூட்டாளி வெல்டர் அண்ணனும் ஐந்து நாள் அடைந்து கிடக்க வேண்டும். உடம்பில் ஏறிய அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க முடியும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் சோடா பாட்டில் கதைதான், ரத்தம் நுரைத்துவிடும். கதவு திறப்பது வெள்ளிக்கிழமை மதியம். அடுத்த மாதம் என்றிருந்த மகளின் கண் ஆபரேஷனோ திடீரென்று இந்த வியாழக்கிழமை காலைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு நாள்! சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா முன்னாடியே திறந்தா உன்ன கரண்டியாலதான் அள்ளிக் கொடுக்கணும்," என்றார் அவர்.

மகளுக்கு ஒன்பது வயது. பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. அச்செழுத்து அவள் கண்ணுக்குத் தெரியாததால் அவன்தான் ஒரு பழைய நாவலை அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு கேப்டன், ஒரு நீர்மூழ்கிக் கப்பல், ஏழு மாலுமிகள். கடற்செடிக் காட்டில் கப்பல் சிக்கிக்கொள்ள, அறுத்துவிட கேப்டன் தனியாக வெளியே கிளம்பும் இடத்தில் நிறுத்தி, "மிச்சம் வந்து படிக்கிறேன்" என்று புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் புத்திக்குத் தன்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது.

"அப்பா படிச்சு முடிச்சாதான் உள்ள போவேங்கிறா. டாக்டர் இன்னும் தள்ளிப் போட்டா இடது கண்ண மறந்துடணும்னு சொல்லிட்டாருங்க," என்றாள் மனைவி திங்கட்கிழமை போனில்.

கன்ட்ரோல் ரூமில் குரலைத் திருத்தும் பெட்டி ஒன்று இருந்தது. அதன் வழியாகப் படித்தான். வார்த்தை தெளிவாகத்தான் போனது. குரல்தான் ஊர் பேர் தெரியாத எவனுடையதோ.

"இது யாரோ ஒரு மாமா. எனக்கு அப்பாதான் வேணும்," என்றாள் மகள்.

பெட்டியை அணைக்கச் சொன்னான். வழக்கமான கீச்சுக் குரல் காதில் விழுந்ததுமே, "ஐ, அப்பா!" என்று சிரித்தாள். இரண்டு வரி தாண்டியதும் சிரிப்பு நின்றது.

"ஆகீச்சம்னா என்னப்பா?"

ஆழம். அன்றுதான் அவனுக்கே தெரிந்தது. மற்ற எழுத்தெல்லாம் எப்படியோ கரை சேர்ந்தன. ழ மட்டும் கீச்சென்று விசிலாகிவிடுகிறது. கடல் கதையிலோ ழ இல்லாத வரியே இல்லை! ஆழம், கீழே, நீர்மூழ்கி, சுழல். எழுதின மகராசன் வஞ்சம் வைத்து எழுதியது போல இருந்தது.

"விடு தம்பி, பெட்டியிலயே படி. வேற வழியில்ல," என்றார் வெல்டர்.

"முடியாதுண்ணே. எம்புள்ளைக்கு என் குரல்தான் வேணும். ழ இல்லாம எழுதிடறேன்."

"பதினாலு பக்கத்தையுமா?"

"பதினாலையும்தான்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் வேறு வேலையே இல்லை. ழ-வுக்கெல்லாம் வட்டம் போட்டதில் பக்கம் அம்மை கண்டவன் முகமாகிவிட்டது. நீர்மூழ்கி இரும்புப் படகாயிற்று. கீழே என்பது அடியில் ஆயிற்று. சுழலுக்கு அரை மணி நேரம் முட்டி மோதி, தண்ணீர் ராட்டினம் என்று வைத்தார்கள்.

"ஏழு மாலுமிக்கு என்ன பண்றதுண்ணே?"

"எட்டாக்கிடு. ஒருத்தன் சும்மா வந்துட்டுப் போகட்டும்."

புதன்கிழமை, வாத்துப் பேச்சே கேட்டிராத கப்பல் சமையல்காரரைப் போனில் உட்கார வைத்து முழுதாகப் படித்துக் காட்டினான். மூன்று இடத்தில் புரியவில்லை என்றார். மூன்றையும் மாற்றினான். தொண்டை புண்ணாகிவிட்டது, வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தான்.

வியாழன் காலை மனைவி ஆஸ்பத்திரியில் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேப்டன் கத்தியை இடுப்பில் சொருகினார். கதவு திறந்தது. கடல் உள்ளே வந்தது."

நடுவில் எங்கேயும் மகள் 'என்னப்பா' என்று கேட்கவில்லை. அவன் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். கடைசிப் பக்கம் வந்தது.

"வெளியிலிருந்து கேப்டன் மூன்று முறை கதவைத் தட்டினார். இரும்புப் படகுக்குள் இருந்த எட்டு மாலுமிகளும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்."

"அப்பா! ஏழு பேருதானே?"

வெல்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு," என்று சமாளித்தான்.

அவள் சிரித்தாள். பின்னால் நர்ஸ் நேரமாகிவிட்டது என்றாள். போன் அவள் வாய்க்குப் பக்கத்தில் வந்தது.

"கேப்டன் பயந்தாராப்பா?"

"பயந்தாரு. நல்லாவே பயந்தாரு. ஆனாலும் போனாரு."

"சரி, நானும் போறேன்." கொஞ்சம் நிறுத்தி, ரகசியம் போலக் கேட்டாள். "உள்ள போய் நான் அழலாமா?"

பதிலில் ழ இருந்தது. அவசரமாக வேறு சொல் தேடினான். வெல்டர் காகிதங்களைப் புரட்டு புரட்டென்று புரட்டினார். இரண்டு நாளில் இருநூறு சொல்லுக்கு மாற்று கண்டுபிடித்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லுக்கு மாற்று கிடைக்கவில்லை. அங்கே பிள்ளை காத்துக்கொண்டிருந்தது.

"அழும்மா," என்றான். "நல்லா அழு."

விசில் இரண்டு முறை கீச்சென்று போனது.

"சரிப்பா," என்றாள் மகள். "கொஞ்சமா அழறேன்."