கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு குறட்டை

மார்ச் முடியப்போகிறது, அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரை ஊரான டுலூத்தில் பனி மட்டும் நின்றபாடில்லை. அப்படியொரு சனிக்கிழமை மாலையில்தான் கொரின் தன் நாய்க்குட்டியைப் பண்ணையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எட்டு வாரக் குட்டி. உடம்பு பழைய செம்புக் காசின் நிறத்தில் இருந்ததால் பென்னி என்று பெயர் வைத்தாள். பண்ணைக்காரி லோர்னா குட்டியோடு ஒரு கிழிந்த துண்டையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். தாய் நாயும் குட்டிகளும் ஒரு வாரமாகப் படுத்துப் புரண்ட துண்டு அது. ராத்திரி கூண்டுக்குள் அதைப் போட்டால் வாசனைக்கு அடங்கிவிடும் என்றாள்.

கம்பிக் கூண்டை கொரின் முந்தின நாளே சமையலறையில் வைத்து, மெத்தை போட்டு, மேலே போர்வையும் மூடித் தயாராக்கியிருந்தாள். அவள் கணவன் ஆர்விட் கையில் காபியோடு அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தான்.

"என்ன குத்தம் பண்ணுச்சாம், ஜெயில்ல போடுறதுக்கு?"

"ஜெயில் இல்ல. அது அவளோட ரூம்."

"வெளியிலருந்து தாழ்ப்பாள் போடுற ரூமுக்கு எங்க ஊர்ல வேற பேரு."

அதற்குமேல் வாதாட அவனுக்கு நேரம் இல்லை. ஊருக்காகப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஏரிப் பக்கமிருந்து காற்று எழுந்துவிட்டது என்று போன் வந்ததும் கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று ராத்திரி பென்னி அழுத அழுகையை கொரின் தன் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். முதலில் சிணுங்கல், அப்புறம் ஊளை, அதற்கப்புறம் கதவு கிறீச்சிடுவதுபோல் ஒரு சத்தம். துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு இன்னும் அதிகமாக அழுதது. மூன்று முறை கோட்டை மாட்டிக்கொண்டு பின்கட்டுப் பனியில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒருமுறைதான் மூத்திரம் போனது. மற்ற இரண்டு முறையும் அவள் பூட்ஸ் நாடாவைக் கடித்தது. விடிகிற நேரத்தில் ஆர்விட் திரும்பி வந்தபோது கொரின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் அவளை எழுப்பி மாடிக்கு அனுப்பினான். அழுகிற குட்டியைக் கூண்டோடு தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, உடை மாற்றக்கூடத் தெம்பில்லாமல் சோபாவில் சாய்ந்தான். கொரின் பதினொரு மணிக்கு இறங்கி வந்தபோது இரண்டு பேரும் அசையாமல் கிடந்தார்கள். ராத்திரி முழுக்கக் கத்திய களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு ராத்திரி லோர்னாவைப் போனில் கேட்டு, கூண்டைத் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், கையைக் கம்பிமேல் வைத்துக்கொள், பேச்சுக் கொடுக்காதே என்று லோர்னா சொல்லியிருந்தாள். கொரின் கையை வைத்தாள். குட்டி விரலை நக்கியது, படுத்தது, கால்மணி நேரத்தில் எழுந்து மறுபடி ஆரம்பித்தது. ஆர்விட் அதே மாடியில் நடைபாதைக் கோடியில் இருந்த பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினான். இரண்டரை வருடமாக அவன் இடம் அதுதான். அவன் விடும் குறட்டையில் கொரினுக்குத் தூக்கம் போய், வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச்சொல்லித் திட்டு வாங்கினாள். டாக்டரைப் பார் என்று கெஞ்சினாள். அவன் போகவில்லை. ஒருநாள் கோபத்தில் அந்த அறைக்குப் போய்ப் படு என்று சொல்லிவிட்டாள். அவன் தலையணையை எடுத்துக்கொண்டு போனது அவளுக்கு இன்னும் கண்ணுக்குள் நின்றது.

ஒரு மணிக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக நடைபாதையில் வந்தாள். பின்னறைக் கதவுக்குப் பின்னால் குறட்டை சன்னமாக உருண்டுகொண்டிருந்தது. பென்னி சட்டென்று சிணுங்கலை நிறுத்தியது. காதைத் திருப்பியது. கொட்டாவி விட்டு அவள் தோளில் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

கொரின் சோதித்துப் பார்த்தாள். படிக்கட்டுப் பக்கம் நாலடி நகர்ந்தால் சிணுங்கல். கதவுப் பக்கம் வந்தால் அமைதி. காலையில் லோர்னாவிடம் சொன்னபோது அவளுக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

"எட்டு வாரமா ஒரு கும்பலோட மூச்சு சத்தத்துல தூங்குன குட்டி அது," என்றாள் லோர்னா. "உங்க ரூம்ல ஊசி விழுந்தாக் கேக்கும். பயப்படாம என்ன செய்யும்?"

கூண்டை ஆர்விட்டின் அறையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கொரின் கணக்குப் போட்டாள். திங்கள் ராத்திரி அப்படியே செய்தாள். பென்னி பத்து நிமிடத்தில் தூங்கிப்போனது. ஆனால் மூன்று மணிக்கு அதற்கு வெளியே போகவேண்டியிருந்தது. அது கூப்பிட்டது, கத்தியது, கம்பியைப் பிறாண்டியது. ஒரு முழத் தூரத்தில் ஆர்விட் மரக்கட்டை மாதிரி கிடந்தான். இரண்டு சாத்திய கதவுகளைத் தாண்டிச் சத்தம் அவள் காதுக்கு எட்டி, அவள் ஓடி வருவதற்குள் மெத்தை நனைந்துவிட்டது. தூங்க வைக்கிறவனுக்கு விழிப்பு வராது. விழிக்கிறவளுக்குத் தூங்க வைக்க வராது.

இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால்தான் சரிவரும் என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அவன் சோபாவில் அயர்ந்த நேரம் பார்த்துக் குறட்டையைப் போனில் பதிவு செய்தாள். ராத்திரி கூண்டை மறுபடி தன் அறைக்கே கொண்டுவந்து, போனை அதன்மேல் வைத்துப் போட்டாள். பென்னி பிடரி மயிர் சிலிர்க்க எழுந்து நின்று போனைப் பார்த்துக் குரைத்தது. அந்தச் சின்ன வாயிலிருந்து வந்த முதல் குரைப்பு. சத்தம் கேட்டு, எதற்கும் எழாத ஆர்விட், அன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தவன், வாசலில் வந்து நின்றான். போனிலிருந்து அவன் குறட்டை இன்னும் வந்துகொண்டிருந்தது.

"அது யாரு, நானா?"

கொரின் போனை அணைத்தாள். மறைத்துப் பயனில்லை. நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லி, இனி இங்கேயே வந்து படு என்று முடித்தாள். அவன் கதவில் சாய்ந்து பொறுமையாகக் கேட்டான். மீசைக்குள் சிரிப்பு ஊறிக்கொண்டே வந்தது.

"ஆக, எனக்காக இல்ல. நாய்க்காக."

"நாய்க்காகத்தான்."

"இத எழுதிக் குடு. வண்டிக் கண்ணாடில ஒட்டிக்கிறேன்."

"ஆர்விட், மூணு நாளா நான் தூங்கல."

அவன் சிரிப்பு அடங்கியது. போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தான். கட்டிலின் இடப்பக்கம் படுக்கும்போது, புது வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன்போல் ஓரமாக ஒடுங்கிப் படுத்தான். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்துவிட்டான். கூண்டுக்குள் பென்னி மூன்று சுற்று சுற்றிப் பொத்தென்று விழுந்தது. கொரின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். காதில் பஞ்சு வைக்கவும் வழியில்லை, குட்டி கூப்பிட்டால் கேட்கவேண்டுமே. முழங்கையால் இடித்தால் அவன் ஒருக்களித்துப் படுப்பான், சத்தம் பாதியாகும் என்கிற பழைய வித்தை நினைவுக்கு வந்தது. இடித்தாள். புரண்டான். அந்தப் பாதிச் சத்தத்துக்கும் பென்னி தூங்கியது. கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கினாள்.

இரண்டு வாரத்தில் பென்னி ராத்திரிக்கு ஒருமுறைதான் எழுந்தது. ஒன்பது மணியானால் யாரும் சொல்லாமலே கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, போர்வையை ஏன் இன்னும் மூடவில்லை என்பதுபோல் பார்க்கும். ஏப்ரலில் கடைசியாக ஒரு பெரும்பனி விழுந்து, ஆர்விட் ராத்திரி முழுக்க வேலைக்குப் போகவேண்டி வந்தது. கொரின் பயந்துகொண்டேதான் விளக்கை அணைத்தாள். குட்டி முனகக்கூட இல்லை. அவளுக்குத்தான் வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை.

அவன் ஆறு மணிக்கு வந்து, காலுறையோடு நடைபாதையில் நின்றான்.

"எப்டி இருந்தா?"

"நல்லாத் தூங்குனா. ஒரு சத்தம் இல்ல."

"அப்ப என் வேலை முடிஞ்சுபோச்சு." விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கண் பின்னறைப் பக்கம் போய் வந்தது.

"டாக்டர்கிட்ட நாள் கேட்டு வச்சிருக்கேன், வியாழக்கிழமைக்கு," என்றாள் கொரின். "போய்ட்டு வந்து இங்கயே படு."

அவன் யோசித்தான். "போறேன். ஆனா முழுசா நிறுத்திடாதீங்கன்னு சொல்லிடுறேன். வீட்ல ஒரு ரசிகை இருக்கா."

"ஒருத்திதான். ரெண்டுன்னு நெனச்சுக்காத."

பேச்சுச் சத்தத்தில் பென்னி விழித்துக்கொண்டு கூண்டுக் கதவைப் பிறாண்டியது. ஆர்விட் அலுத்துக்கொள்ளாமல் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே போய் மறுபடி பூட்ஸை மாட்டினான். கட்டில் முழுக்க அவளுடையது. கொரின் கைகாலை நீட்டிக் கண்ணை மூடினாள். பின்கட்டில் அவன் குட்டியிடம் சீக்கிரம் ஆகட்டும் என்று கெஞ்சுவது கேட்டது. அவர்கள் மேலே வந்தது அவளுக்குத் தெரியாது.