பிசகாத கவ்வாத்து

விஜிதரனின் இசைக்குழு ஒரு பாட்டைப் பிழையில்லாமல் வாசித்து முடித்த மாலை, காலையில்தான் கொழுந்து பறித்திருந்த மலை முழுவதும் மறுபடி துளிர்த்தது. இலங்கையில் ஹட்டனுக்கு மேலே, அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மூடிக்கிடந்தது; அதில் அவர்கள் ஆறு வருடமாக வாசித்துப் பழகிவந்தார்கள். விஜிதரன் கிட்டார், ஹட்டன் புடவைக்கடைக்காரரின் மகன் ரிஃகான் சாக்ஸபோன், லொறி ஓட்டும் திலக்ஷன் டிரம்ஸ். ஹெவி மெட்டலின் உறுமலுக்குள் ஜாஸைக் கொண்டுவந்து, பதினேழு அடித் தாளத்தில் விஜிதரன் அமைத்த அந்தப் பாட்டுக்கு, தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலையின் பெயரையே வைத்திருந்தான்: கவ்வாத்து. ஓர் அடி பிசகினாலும் ஒரு துளிர்கூட வரவில்லை. பிசகாவிட்டால் வந்தது.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அதை ஒரு வாரம் பார்த்தார். பிறகு இலவசமாக மின்சாரம் கொடுத்துத் தினமும் வாசிக்கச் சொன்னார். நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய எடையை இரட்டிப்பாக்கினார். குறைந்தவர்களுக்கு அரைச் சம்பளம். விஜிதரனின் அம்மா மீனம்மாவும் அந்த மலையில்தான் பறித்தார்.

"தம்பி, ஒரே ஒரு எடத்துல தப்பா வாசிச்சிருங்கடா. பொம்பளைங்க கையெல்லாம் வெடிச்சுப் போச்சு."

"ஆறு வருசம்மா. இப்பத்தான் கைக்கு வந்துருக்கு. தெரிஞ்சே எப்புடிம்மா தப்பா வாசிக்கிறது?"

மீனம்மா தட்டை அவன் பக்கம் தள்ளினார். "அப்ப வாசி. சோறு ஆறுது, தின்னுட்டுப் போ."

ஐப்பசி மழையில் ஒருநாள் அவருடைய வலது கை விரல்கள் மூன்று, கொழுந்தோடு சேர்ந்து கழன்று சாக்குக்குள் விழுந்தன. ரத்தம் வரவில்லை. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அவற்றைப் பொறுக்கியெடுத்து, கொழுந்தல்லாதது என்று எடையில் கழித்தார். அதனால் அன்று மீனம்மாவுக்கு அரைச் சம்பளம்தான்.

விஜிதரன் கிட்டார் கம்பிகளை அறுத்தெறிந்தான். துரை கோபப்படவில்லை. முன்பே ஃபோனில் பதிவுசெய்து வைத்திருந்த பாட்டை, தேயிலை பெக்டரிக் கூரையில் ஒலிபெருக்கி கட்டிப் போட்டார். பதிவு ஒருநாளும் பிசகவில்லை. நிறுத்தச் சொல்லி விஜிதரன் பங்களா வாசலில் அழுதான்.

"நல்லாத்தானே வாசிச்சிருக்கீங்க," என்றார் துரை. "சரி, ஒங்க வீட்டுல இனிமே வேலைக்கு யாரு வாறது?"

வேலைக்கு ஆளில்லாத குடும்பத்துக்குத் தோட்டம் கொடுக்கும் லயத்து வீட்டில் இடமில்லை. மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அம்மாவின் சாக்கோடு விஜிதரன் நின்றான். அவனுடைய விரல்கள் வேகமானவை என்று கங்காணி அவனை முன் நிரையில் விட்டார்.

பக்கத்துத் தோட்டங்களும் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கின. இப்போதெல்லாம் ஆட்கள் காலையில் வெளியே வந்ததும், எந்த மலைப்பக்கம் சத்தம் கேட்கிறது என்று பார்த்து, அங்கேதான் கொழுந்தும் வேலையும் இருக்கும் என்று அந்தப் பக்கம் ஏறுகிறார்கள்.