அண்ணனின் செல்கள்

மூன்றாவது பொத்தான் துளைக்குள் நுழைய மறுத்தது. அண்ணனின் விறைத்த மார்பின்மேல் குனிந்து அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

ஆய்வுக்கூடத் தோழி.

"இப்பக் கூப்பிடக் கூடாதுதான்டி. உங்கண்ணன் செல்லுல இன்னைக்கு வைரஸ் விட்டாகணும். தாண்டிட்டா நேத்து நீ போட்ட மருந்து வீண். நான் விடட்டுமா?"

"அண்ணனோடதைத் தொடாதே. நானே வரேன்."

அண்ணி நிமிர்ந்தாள். இன்னும் அழாத கண்கள். "அவரோட என்ன?"

நேற்றிரவு ஓட்டிவந்த பஸ்ஸை ஓரங்கட்டி, பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்து உயிர்விட்ட மனிதர். ஆனால் முன்பே அவர் மூக்கிலிருந்து சுரண்டி எடுத்து வளர்த்த செல்கள் ஆய்வுக்கூடத் தட்டில் இருப்பதைச் சொன்னாள்.

"உயிரோடவா?"

"உயிரோடதான், அண்ணி."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள். "எடுக்க சாயங்காலம் ஆகும். வா."

காரில் விளக்கினாள். "வைரஸ் கையில வெறும் சமையல் குறிப்புதான் அண்ணி. அடுப்பு, சட்டி, கரண்டி எல்லாம் நம்ம செல்லோடது. அண்ணனுக்குப் பிறவியிலேயே ஒரு கரண்டி இல்லை. ஒரு புரதம். அதனால அங்க மட்டும் அதுக்குப் பட்டினி."

"வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடிச்சு உக்கார வெச்ச மனுஷன். மூக்குல மட்டும் இவ்வளவு கஞ்சத்தனமா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

"நேத்து ஒரு மருந்து போட்டு அந்தப் புரதத்தை உள்ள முளைக்க வெச்சேன். இப்ப வைரஸ் வளர்ந்தா, அதுதான் கரண்டின்னு நிச்சயம். மத்தவங்க உடம்புல அதை மறைக்க மருந்து தேடலாம்."

"வளர்ந்தா அவரு செல்லு?"

"செத்துடும்."

"மிச்சம் எடுத்து வெச்சிருப்பியே?"

இல்லையென்று தலையசைத்தாள். மற்றவர்கள் செல்களையெல்லாம் உறையவைத்துச் சேமித்தவள்தான். அண்ணன் எதிர்வீட்டில்தானே இருக்கிறார், வேண்டும்போது இன்னொரு முறை சுரண்டிக்கொண்டால் போச்சு என்று இருந்துவிட்டாள்.

ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் அண்ணி குனிந்தாள். செல்களின்மேல் மெல்லிய இழைகள், காற்றில் புல்வெளி போல அலையலையாக அசைந்தன.

"ஆடுதே!"

"மூச்சுல வர்ற தூசியை வெளிய தள்ளுது."

"இப்ப ஏது மூச்சு?"

நாத்தனார் நுண்ணோக்கியின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"வைரஸ் விடலைன்னா?"

"கொஞ்ச வாரம் இருக்கும். முதிர்ந்துபோன செல்லு, இனிப் பெருகாது."

"நான் தினம் வந்து பாக்கலாமா?"

"வாங்க." மனதாரச் சொன்னாள். இத்தனை வருட உழைப்பு போனால் போகட்டும் என்றே அந்த நொடியில் தோன்றியது.

அண்ணி கண்ணை எடுக்கவில்லை. வீட்டிலிருந்து போன் அடித்து ஓய்ந்தது.

"விடு," என்றாள் கடைசியில்.

"அண்ணி, உங்களுக்கு வேண்டாம்னா..."

"விடுன்னா விடு. வாசல்ல நிக்கறவனைப் பட்டினி போட்டா அவருக்கு ஆகாது." குரல் இறங்கியது. "ஒரு நிமிஷம் மட்டும் இரு."

மீண்டும் குனிந்தாள். நாத்தனார் கையுறை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். நிமிடம் கடந்தது. அவள் நினைவூட்டவில்லை.

அண்ணி வெளியே போனதும், தட்டை எடுக்குமுன் அவளும் ஒருமுறை குனிந்தாள். கண் வைக்கும் கண்ணாடி நனைந்திருந்தது. துடைக்கவில்லை. அந்த ஈரத்தினூடே இழைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தன.