ஊமை ஆட்டம்

மூன்றாவது கணக்கை முடித்து நிமிர்ந்தபோதுதான் பொடியனைக் காணோம் என்பது எனக்கு உறைத்தது. மாடி வீட்டு நர்ஸ் அக்காவின் மகன், நாலு வயது, சரியான வால். அக்கா டியூட்டிக்குப் போனால் பள்ளி விட்டு வந்ததும் அவர் வீட்டிலேயே இருந்து அவனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பரீட்சை நேரம் வேறு. அதற்காக நான் கண்டுபிடித்ததுதான் ஊமை ஆட்டம். நான் "முடிஞ்சுது" என்று சொல்லும்வரை அவன் வாயைத் திறந்தால் தோல்வி. கூப்பிட்டாலும் பதில் பேசக்கூடாது. பத்து நாளாக நிம்மதியாகப் படித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

"டேய், எங்கடா இருக்க? உதை வாங்கப் போற!"

கட்டிலடியில் இல்லை. குளியலறையில் இல்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தேன். நல்லவேளை, அங்கும் இல்லை. கத்தினேன், கெஞ்சினேன். ஆட்டம் முடிந்தது என்று சொல்ல மட்டும் இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

இரும்பு பீரோவின் கதவிடுக்கில் அக்காவின் வெள்ளை நர்ஸ் கோட்டின் நுனி மாட்டியிருந்தது. உள்ளிருந்து திறக்க முடியாத பீரோ அது. கைப்பிடியைத் திருகினேன். துணிகளுக்கு நடுவே வேர்வையில் தொப்பலாக நனைந்து, முகம் கன்றிப்போய் உட்கார்ந்திருந்தான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உதடு மட்டும் இறுக்கமாக மூடியிருந்தது.

"முடிஞ்சுதுடா தங்கம், முடிஞ்சுது!"

மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, நான் ஜெயிச்சேனா?"

சாயங்காலம் அக்காவிடம் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "இவன் இப்பல்லாம் எவ்வளவு சமத்து தெரியுமா? காலைல ஊசி போட்டேன், மூச்சு விடல. எல்லாம் உன் கைராசிதான்டி."  சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து எந்தக் குழந்தையும் அழாத நேரமெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுவாரம் மாடிப்படியில் என் கண்ணெதிரே விழுந்தான். முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. வாயைத் திறந்தவன், என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"ஆட்டம் முடிஞ்சுதுடா. இனிமே அந்த ஆட்டமே கிடையாது. அழுடா கண்ணா!"

மாட்டேன் என்று தலையாட்டினான். மேலே கதவு திறந்தது. "என்னடி, ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு?" என்று அக்கா எட்டிப் பார்த்தார். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான்தான்…"

ரத்தம் பட்ட குட்டிக் கையால் அவன் என் வாயைப் பொத்தினான்.